முன்பல்லும் கணுக்காலும்

வாயைத் திறந்துகொண்டு பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமே இல்லை. திறந்தால் பேச்சு வரும். பேச்சு இல்லாவிட்டால் விசில் வரும். இரண்டும் இல்லாவிட்டால் சாப்பாடாவது உள்ளே போகும். இப்படிக் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் சும்மா கிடப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் என் சிநேகிதி ஜெபக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அவள் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறாள், என் கைப்பையையும் என் பல்லையும் மடியில் வைத்துக்கொண்டு. பல் என்றால் கழற்றி மாட்டும் பல். ரோஸ் நிறத் தகட்டில் ஒற்றை முன்பல். முப்பத்திரண்டு வருஷத்தில் இது நாலாவது தகடு. காலையில் மாட்டி, படுக்கும்போது கழற்றி, தம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு தடவை வீட்டுக்காரர் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போய், அது வேறு கதை. இங்கே விளக்கு நேராக முகத்தில் அடிக்கிறது. முகத்தின் மேல் பச்சைத் துணி, துணியில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் என் வாய். திருநெல்வேலி ஜங்ஷனில் டிக்கெட் பரிசோதகர் ஆவுடையம்மாள் என்றால் டிக்கெட் எடுக்காதவன் அடுத்த பெட்டிக்கு ஓடுவான். கபடி நடுவர் ஆவுடையம்மாள் என்றால் மாவட்டத்தில் எந்தக் களத்திலும் நாற்காலி போடுவார்கள். துணிக்கு மேலே நிற்கிற டாக்டர் நஸ்ரினுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. அவளுக்கு நான் மேல் வரிசையில் ஒரு பள்ளம்.

ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது. ஊசி போட வந்தபோது காட்டிவிட்டேன். துணி போடுவதற்கு முன்னால், அவள் கை என் முகத்தை நோக்கி இறங்கியது. அடுத்து என்ன நடந்ததென்று எனக்கே தெரியாது, அவள் மணிக்கட்டு என் பிடியில் இருந்தது. இரண்டு கையாலும். கட்டைவிரல் கீழே, நாலு விரல் மேலே, இடது கார்னரில் நிற்பவள் கணுக்காலைப் பிடிக்கிற சுத்தமான பிடி. "அம்மா, கையை விடுங்க, ஊசி என் கையில இருக்கு" என்றாள் பாவம். "மன்னிச்சிருங்க டாக்டரம்மா, எங்க எல்லைக்குள்ள யாரு கை காலு வந்தாலும் தானா பிடிச்சிரும்" என்றேன். பக்கத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கிற பெண், இசக்கி என்று பேர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இவங்க பெரிய கபடி ப்ளேயராம் டாக்டர். வெளிய இருக்க அக்கா சொன்னாங்க." அதைக் கேட்டதும் ஊசி வலி பாதியாகக் குறைந்துவிட்டது. ஜெபக்கனி எங்கே போனாலும் இதைத்தான் முதலில் சொல்வாள். ஆனாலும் டாக்டர் ஜாக்கிரதையானவள்; இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். சின்னப் பிள்ளையைப் போல கையின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். மேலுதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மூக்கின் நுனிகூட மரத்துப்போய்விட்டது. கீழே, கடைவாய்க்குப் பின்னால் இன்னொரு ஊசி, அங்கேயும் மரப்பு. நாக்கு மட்டும் உயிரோடு கிடந்து தவிக்கிறது. "வலி தெரியாது, அழுத்துறது தெரியும், சத்தம் கேட்கும், பயப்படாதீங்க" என்றாள். பயமா? எனக்கா? வலிக்கெல்லாம் நான் பயப்படுகிற ஆள் இல்லை. வேறு எதற்கோ காலையில் மூன்று தடவை பீரோவைத் திறந்து திறந்து மூடினேன், காபி குடிக்காததால் இருக்கும்.

இவ்வளவும் அந்த விசிலால் வந்தது. போன மாசி மாதம் கல்லூரிப் பெண்கள் போட்டி, கடைசி நிமிஷம், ஒருத்தி கோட்டைத் தாண்டிக் காலை வைத்தாள், நான் முழு மூச்சையும் சேர்த்து விசிலை ஊதினேன், விசிலோடு பல்லும் வந்து களத்தில் விழுந்தது. இரண்டு அணிப் பெண்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் குனிந்து, பல்லை எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஓட்டைப் பல்லோடு "அவுட்!" என்றேன். சொன்ன தீர்ப்பை மாற்றவில்லை. அன்றைக்கே ஜெபக்கனியிடம் சொல்லிவிட்டேன், இனி கழற்றி மாட்டும் சோலி வேண்டாம், எலும்பிலேயே திருகி வைக்கிற பல் வைக்கப் போகிறேன் என்று. வந்து பார்த்தால் திருகி வைக்க எலும்பு இல்லையாம். படத்தைத் திரையில் போட்டுக் காட்டினாள் டாக்டர். என் தாடை எலும்பை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். மற்ற பல்லுக்கெல்லாம் தடியான வரப்பு. அந்த இடத்தில் மட்டும் கத்தி முனை. "பல் இருந்தாத்தாம்மா எலும்புக்கு வேலை. கடிக்கக் கடிக்கத்தான் அது திடமா இருக்கும். பல் போயிட்டா, வேலையில்லாத எலும்பை உடம்பு வச்சுக்காது, கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சிரும். உங்களுக்கு மூணு மில்லிமீட்டர்தான் மிச்சம். அதுல திருகு நிக்காது. முதல்ல எலும்பு வச்சு வளர்க்கணும், ஆறு மாசம் பொறுக்கணும், அப்புறம்தான் பல்." அவ்வளவு காலமும் எனக்குள்ளேயே ஒன்று தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. தினமும் ஐம்பது தண்டால் எடுக்கிற உடம்பு. ரயில்வே டாக்டரே என் எலும்பைப் பார்த்து முப்பது வயசு என்று சொன்ன உடம்பு.

எலும்பு எங்கிருந்து வரும் என்று கேட்டேன். இரண்டு வழி இருக்கிறது என்றாள். நம் தாடையிலேயே பின்னாலிருந்து சுரண்டி எடுத்து வைக்கலாம். இல்லையென்றால் பாட்டிலில் வருகிற எலும்புத் தூள், அது இறந்துபோன யாரோ தானம் கொடுத்தது, சுத்தம் செய்து, கிருமி நீக்கி வரும், பெரும்பாலானவர்களுக்கு அதுதான் வைப்பது, அதில் இன்னொரு இடத்தில் புண் இல்லை. நான் யோசிக்கவே இல்லை. "என் எலும்புதான். யாரு எலும்பையோ வாயில வச்சிக்கிட்டு நான் எப்படி ஊர்ல நடமாட?" ஜெபக்கனி பக்கத்தில் இருந்தாள். "ஏட்டி, சும்மா இரு, டாக்டரு சொல்லுததக் கேளு" என்றாள். நான் கேட்கவில்லை. இந்தப் பல் போன இடம் சாதாரண இடமா? சொத்தை விழுந்து போனதா, படியில் தடுக்கிப் போனதா? இதில் வைப்பது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும், ஒரு குருணை கூட வெளியாள் கூடாது. டாக்டர் சம்மதத் தாளை என் பக்கம் நகர்த்தி, "சரிம்மா, உங்களோடதையே எடுக்கறேன். ஆனா பத்தலைன்னா நடுவுல உங்களைக் கேட்பேன். பேச முடியாது, வலது கையைத் தூக்குங்க போதும். தூக்கலைன்னா இருக்கறதை வச்சு மூடிருவேன், ஆனா அது நிக்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றாள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். அதிலேயே ஒரு கட்டம் இருந்தது, பல் எப்படிப் போனது என்று. எழுத இடம் கொஞ்சம்தான் விட்டிருந்தார்கள். நான் ஓரத்தில் எல்லாம் எழுதி நிரப்பினேன்.

கதை இதுதான். கோவில்பட்டி, மண் களம், மாவட்டங்களுக்கிடையே இறுதிப் போட்டி. நாங்கள் திருநெல்வேலி, அவர்கள் தூத்துக்குடி. இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று. கடைசிப் பாட்டு, அதாவது கபடி பாடிக்கொண்டு எதிர்க்களத்துக்குள் போகிற கடைசி முறை. ரயில்வேக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாருக்கும் தெரியும், நன்றாக ஆடுகிற ஒருத்திக்கு அன்றைக்கு வேலை. தூத்துக்குடியிலிருந்து பாட வந்தவள் மெலிந்து கறுத்த ஒரு பெண், நீளக் கால், ஜெபக்கனி என்று பேர், அன்றுவரை நான் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. வந்தாள், வலது பக்கம் போக்குக் காட்டினாள், இடது பக்கம் திரும்பி என் முழங்கையைத் தொட்டாள், திரும்பிக் கோட்டுக்கு ஓடினாள். நான் பாய்ந்தேன். இடது கணுக்கால் என் கைக்குள். அவள் விழுந்தாள், விழுந்தபடியே கோட்டை நோக்கி எம்பினாள், எம்பியதில் குதிகால் என் வாயில் இறங்கியது. முன்பல் போனது. ரத்தம். நான் விடவில்லை. மற்ற பெண்கள் வந்து மேலே விழுந்தார்கள், விசில் அடித்தது, இருபத்து நான்கு. மறுநாள் பேப்பரில் படத்தோடு வந்தது, 'பல் போனாலும் பிடி விடாத வீராங்கனை.' அந்தத் துணுக்கு இப்போதும் என் பீரோவில் கண்ணாடிச் சட்டத்தோடு இருக்கிறது. வேலை எனக்குக் கிடைத்தது. அடுத்த வருஷம் அவளும் வந்து சேர்ந்தாள், ஒரே அணி, ஒரே ஆபீஸ், முப்பத்தோரு வருஷமாக ஒரே சாப்பாட்டு மேஜை. இதுதான் கதை. இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், பயிற்சி முகாமில், கல்யாண வீட்டில், ஓடுகிற ரயிலில். சொல்லும்போதெல்லாம் தகட்டைக் கழற்றி ஓட்டையைக் காட்டுவேன். எனக்குக் கொடுத்த பதக்கம் எங்கேயோ கறுத்துக் கிடக்கிறது. இந்த ஓட்டைதான் பதக்கம்.

சுரண்டுகிறாள். கடைவாய்க்குப் பின்னால். வலி இல்லை, சொன்னது போலவே வலி இல்லை, ஆனால் சத்தம், ஐயோ, அது காது வழியாக வரவில்லை, மண்டை ஓட்டுக்குள்ளேயே நடக்கிறது. தேங்காய் துருவுகிற சத்தம். துருவப்படுவது நான். இசக்கி சின்னக் குழாயால் தண்ணீரை உறிஞ்சுகிறாள், என் நாக்கு அந்தக் குழாய்ப் பக்கமே போகிறது, சும்மா கிட நாக்கே. மேலே ஈறை ஏற்கெனவே கீறித் திறந்து வைத்திருக்கிறாள், அந்தக் கத்தி முனை எலும்பில் சின்னச் சின்னத் துளை போட்டாள், ரத்தம் வர வேண்டுமாம், ரத்தம் வந்தால்தான் புது எலும்பு பிடிக்குமாம். எதையும் காட்டவில்லை, சொல்லிக்கொண்டே செய்கிறாள், நல்ல பிள்ளை. எனக்குப் பார்க்க வேண்டியதும் இல்லை. பிடிக்கிறவளுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், களத்தில் நின்றால்தான் வரும். பாடி வருகிறவள் மூச்சைக் கேட்க வேண்டும். கபடி கபடி கபடி என்று தடித்து வருகிற மூச்சு ஒரு இடத்தில் மெலியும், 'ப' அழுத்தம் குறையும், அப்போதுதான் பாய வேண்டும், முந்திப் பாய்ந்தால் அவள் தப்பிப்பாள், பிந்திப் பாய்ந்தால் ஏற்கெனவே தப்பியிருப்பாள். அந்தக் காதால்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன், முகமூடிக்குள் டாக்டர் விடுகிற மூச்சை. சீராக வந்துகொண்டிருந்தது. சுரண்டுவதை நிறுத்தினாள். மறுபடி சுரண்டினாள். மூச்சு மெலிந்தது. பத்தவில்லை. அவள் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, என் எலும்பு பத்தவில்லை.

ஜெபக்கனி மூச்சு மெலியவே இல்லை அன்றைக்கு. அதுதான். இதை ஏன் இப்போது நினைக்கிறேன்? அவள் மூச்சு கடைசிவரை தடித்துத்தான் இருந்தது, குதிகால் என் வாயில் இறங்கின பிறகும், கபடி கபடி என்று என் காதுக்குப் பக்கத்திலேயே, இன்னும் பத்து எண்ணும் வரைக்கும் தாக்குப்பிடிக்கிற மூச்சு. பிறகு நின்றது. மெலிந்து நிற்கவில்லை, கத்தரித்தது போல நின்றது. அந்த இடத்தில் வேறு ஒரு வார்த்தை கேட்டது. பாடப் போனவள் எதிர்க்களத்தில் 'கபடி' தவிர வேறு வார்த்தை பேசினால் அவுட், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதா, மாநிலத்துக்கே ஆடியவள். சரி, விடு. தண்ணீர் தொண்டைக்குள் போகிறது, விழுங்கலாமா கூடாதா, விழுங்கிவிட்டேன், உப்பு, ரத்தம்தான். அன்றைக்கும் உப்பு. உப்பும் மண்ணும். வாய் நிறைய மண், அந்த மண்ணுக்குள் ஏதோ கடினமாக உருண்டது, பல் என்று தெரியாமல் துப்பினேன். துப்பும்போது என் கை எங்கே இருந்தது? கணுக்காலில் இருந்தது. பேப்பரில் போட்டிருக்கிறதே. பேப்பர்க்காரன் எங்கே நின்றான், கூட்டத்துக்குப் பின்னால், புழுதிக்கு அந்தப் பக்கம். மேலே நாலு பெண்கள். யாருக்கும் என் விரல் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். வாயில் அடி விழுந்ததும் இரண்டு கையும் தானாக வாய்க்குப் போய்விட்டன. வாயில் அடிபட்டால் யாருக்கும் கை வாய்க்குத்தான் போகும். நான் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். பிடி விட்டுவிட்டது. விட்டுவிட்டேன். அவள் கால் சும்மா இருந்தது, கோட்டுக்கு ஓர் அடி, கையை நீட்டினால் தொடுகிற தூரம், என்னைத் தொட்ட கணக்கும் அவளுக்கு இருந்தது. நீட்டியிருந்தால் இருபத்து நான்கு அவர்களுக்கு, அந்த வேலையும் அவளுக்கு. அவள் திரும்பினாள். என் பக்கம் திரும்பி, "ஏட்டி, பல்லு!" என்றாள். இதுதான் அந்த வார்த்தை. அதுவரை என்னோடு பேசாதவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அப்புறம்தான் பெண்கள் வந்து விழுந்தது, அப்புறம்தான் விசில். அவள் முட்டி போட்டு மண்ணைத் துழாவிப் பல்லைத் தேடி எடுத்து, கலர் பாட்டில் தண்ணீரில் கழுவி, தன் துண்டு முனையில் முடிந்து, பெரியாஸ்பத்திரிக்கு என்னோடேயே வந்தாள், அங்கே இது இனி ஒட்டாது என்று சொல்லிவிட்டார்கள். பாலில் போட்டு அரை மணிக்குள் வந்திருந்தால் ஒட்டியிருக்கும் என்று டாக்டர் நஸ்ரின் போன வாரம் சொன்னாள். எங்களுக்கு யார் சொன்னார்கள் பாலென்று. ஆஸ்பத்திரியிலேயே என்னைச் சுற்றிக் கூட்டம், "விடவேயில்லையே பிள்ள" என்று யாரோ தோளில் தட்டினார்கள், நான் பேசவில்லை, வாயில் பஞ்சு. மறுநாள் பேப்பர் வந்தது. அதற்கு மறுநாள் நானே சொல்ல ஆரம்பித்தேன், விடவில்லை என்று. சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான் நடந்தது போல் ஆகிவிட்டது, விரல் வலித்ததுகூட ஞாபகம் வரும், வலிக்காத விரல் வலித்த ஞாபகம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தடவையும் மறுத்ததில்லை. ஒருவேளை அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அடி பட்டு, கணுக்கால் புரண்டு, அந்த மரப்பில் நான் பிடித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்திருக்கலாம். இப்போது என் உதடு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிகிறதா? அப்படித்தான். அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முப்பத்திரண்டு வருஷம் எவள் வாயை மூடிக்கொண்டிருப்பாள், நானா இருந்தால் அன்றைக்கு சாயங்காலமே ஊரைக் கூட்டியிருப்பேன். கேட்கலாம் என்று எத்தனை தடவை வாயெடுத்திருக்கிறேன். கேட்டு, தெரியும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? பீரோவில் இருக்கிற சட்டத்தை என்ன செய்வது? காலையில் அந்தப் பீரோவைத் திறந்து திறந்து மூடியது இதற்குத்தான். காபி இல்லை, ஒன்றும் இல்லை. இன்றைக்கு ஓட்டை மூடுகிறது. ஓட்டை இருக்கும்வரை அதைக் காட்டி எதையும் சொல்லிக்கொள்ளலாம். மூடிவிட்டால் நானும் அவளும்தான் மிச்சம்.

"அம்மா" என்றாள் டாக்டர். "உங்க எலும்பு நல்லாத்தான் இருக்கு, ரொம்ப உறுதி. ஆனா பள்ளம் ஆழம். பாதிதான் நிரம்பியிருக்கு. மீதிக்குப் பாட்டில் எலும்பு கலக்கட்டுமா? அது அப்படியே இருக்காதும்மா. சும்மா கட்டடத்துக்குக் கட்டுற சாரம் மாதிரி நிக்கும், உங்க எலும்பு அதைப் பிடிச்சு ஏறி வளர்ந்து, ஆறு மாசத்துல அது போன இடத்துல உங்களோடது வந்துரும். சரின்னா கையைத் தூக்குங்க." ரொம்ப உறுதி என்றாளே, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஐம்பத்து மூன்று வயசில். உறுதி, ஆனால் பத்தவில்லை. கை தொடைக்கு அடியில் மரத்துக் கிடக்கிறது. யாரென்று தெரியாத ஒருவர், ஆணோ பெண்ணோ, எந்த ஊரோ, தான் சாகிற நேரத்தில் கொடுத்துவிட்டுப் போன எலும்பு. கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? பேப்பரில் படம் வந்ததா? ஒன்றும் இல்லை. கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். நான் மட்டும், எல்லாம் என்னுடையது, ஒரு குருணை கூட வெளியாள் கூடாது என்று தாளின் ஓரமெல்லாம் எழுதி நிரப்பிக்கொண்டிருக்கிறேன். என் வேலை, என் சம்பாத்தியம், நான் கட்டின வீடு, நடுவர் நாற்காலி, எல்லாவற்றுக்கும் அடியில் ஒருத்தி நீட்டாமல் வைத்துக்கொண்ட கை இருக்கிறது. ஆவுடை, உனக்கு வெட்கமாக இல்லை? இருக்கிறது. சொல்லிவிட்டேன், இருக்கிறது. "அம்மா, கேக்குதா?" கேட்கிறது தாயி. கையை உருவினேன். தூக்கினேன். சும்மா அரைகுறையாக இல்லை, நடுவர் தூக்குவது போல நேராக, துணியெல்லாம் விலகும்படி தூக்கினேன். "இவ்வளவு வேண்டாம், இறக்குங்க" என்று சிரித்தாள்.

கிண்ணத்தில் இரண்டையும் கலக்கிறார்கள். இசக்கி, "ரவை மாதிரி இருக்கு பாத்தீங்களா" என்று துணி விலகிய இடைவெளியில் விளக்கடியில் காட்டினாள், ரத்தத்தில் நனைந்த ரவை, இதில் எது என்னுடையது, எது அவருடையது, பிரிக்க முடியாது. வைத்து அழுத்துகிறாள், அழுத்தம் தெரிகிறது, மேலே மெல்லிய சவ்வு போல் ஒன்றை மூடி, ஈறை இழுத்துத் தைக்கிறாள். நூல் உதட்டின் மேல் ஊர்கிறது. எண்ணினேன், ஏழு தையல். தைத்துக்கொண்டே பாடம். இரண்டாம் நாள் மூன்றாம் நாள் வீங்கும், கண்ணுக்குக் கீழே கறுத்தாலும் பயப்பட வேண்டாம். இன்றைக்கெல்லாம் பத்து நிமிஷம் ஐஸ் ஒத்தடம், பத்து நிமிஷம் ஓய்வு. துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஆறிய கஞ்சி, தயிர், ஐஸ்கிரீம். தலையணை இரண்டு. கொஞ்ச நாளைக்கு நாக்கில் மணல் மாதிரி ஓரிரு குருணை வந்தால் சகஜம், நிறைய வந்தால் போன் பண்ண வேண்டும். தகட்டுப் பல்லை மூன்று வாரம் தொடவே கூடாது. "தண்டால் கூடாது, விசில் கூடாது. முக்கியமா இன்னிக்கு குனியக் கூடாது, தலைக்கு ரத்தம் ஏறினா தையல்ல கசியும். ஒரு மணி நேரம் இந்தப் பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருங்க. பேசக் கூடாது." தலையை ஆட்டினேன். எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமா.

வெளியே வந்தேன். நிமிர்ந்துதான் வந்தேன். ஜெபக்கனி எழுந்து ஓடி வந்து முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் முடி வெளுத்துவிட்டது, இடது கால் மழைக்காலத்தில் கொஞ்சம் சாயும், இன்றைக்கும் சாய்ந்தது. "அழுதியாட்டி?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, ஐஸ் பையைக் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். இசக்கி மருந்துச் சீட்டோடு நான் நிரப்பிய தாளையும் கொண்டுவந்தாள். "அக்கா, இவங்க ஓரமெல்லாம் எழுதி வச்சிருக்காங்க, எனக்கு வாசிக்க முடியல. பல்லு எப்படிப் போச்சுன்னு சுருக்கமா ஒரு வரி சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல ஏத்தணும்." ஜெபக்கனிக்கு முகமெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. "அதை ஏன் கேக்க! கடைசிப் பாட்டு கேட்டியா, கணுக்காலப் பிடிச்சா பாரு ஒரு பிடி. வாயில மிதி விழுது, பல்லு தெறிக்குது, ரத்தம் கொட்டுது, விடவே இல்லையே இவ! பாடப் போனவ கதி என்னாச்சு? மண்ணக் கவ்வினா." பாடப் போனவள் தான்தான் என்று சொல்லவில்லை. ஒருநாளும் சொன்னதில்லை. நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். இவ்வளவு பெருமையாக என்னைப் பற்றி நான்கூடச் சொன்னதில்லை.

நாற்காலியை விட்டு எழுந்தேன். ஜெபக்கனி கழிப்பறைக்குப் போகிறேன் என்று நினைத்து வழி விட்டாள். நான் அவள் முன்னால் தரையில் முட்டி போட்டேன், குனிந்தேன், அவள் இடது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தேன். கட்டைவிரல் கீழே, நாலு விரல் மேலே. காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள், "என்னக்கா, தலை சுத்துதா?" என்று இசக்கி ஓடி வந்தாள். நான் தலையைத் தூக்கி ஜெபக்கனியைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் விரித்தேன். விரித்து, அப்படியே கொண்டுபோய் என் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் கால் சும்மா நின்றது. அவள் சிரிக்கவில்லை. என் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டே, "என் காலுட்டி அது" என்றாள். "எனக்குத் தெரியாதாக்கும்? எந்திரி. குனியக் கூடாதுன்னு சொன்னாங்கள்லா, சவம், தையல் பிரிஞ்சிரும்."

என்னை உட்கார வைத்து, கன்னத்தில் ஐஸை மறுபடி அழுத்தி, முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, இசக்கி பக்கம் திரும்பினாள். "ஒண்ணும் இல்லம்மா. விடவே இல்லன்னு போட்டுக்கோ." நான் கையை நீட்டி இசக்கியிடமிருந்து தாளைப் பிடுங்கினேன். பேனாவையும் பிடுங்கினேன். நான் ஓரமெல்லாம் எழுதியதை ஒரே கோட்டில் அடித்தேன். கீழே இடம் கொஞ்சம்தான் இருந்தது. 'கபடி. என் பிடி விட்டுவிட்டது. ஜெபக்கனி கோட்டுக்குப் போகவில்லை, என்னிடம் திரும்பி வந்தாள்' என்று எழுதினேன். ஜெபக்கனி எட்டிப் பார்த்து, "ஏட்டி, இதையெல்லாமா கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க?" என்று தாளைப் பறிக்க வந்தாள். நான் அவளிடம் கொடுக்கவில்லை, இசக்கியிடம் கொடுத்தேன். இசக்கி தட்டச்சு செய்து முடிக்கும்வரை ஜெபக்கனி கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், பஞ்சைக் கடித்தபடியே.